வீட்டில் எழும் தாஜ்மஹால்

நுழையும் முன்

ஆக்ராவில் யமுனைக் கரையில் நிற்கும் தாஜ்மஹாலை உங்களுள் சிலர் நேரில் கண்டிருப்பீர்கள். மற்றவர் படத்தில் கண்டிருப்பீர்கள். அக்கட்டடத்தின் பெரிய மாதிரி ஒன்றைச் சின்னஞ்சிறு நெகிழிக் கட்டைகளால் வீட்டுக் கூடத்திலேயே எழுப்பலாம். அது ஒரு நாளில் முடியும் வேலை அன்று. பல நாள்களுக்குப் பகிர்ந்து, நிலை நிலையாக அதைச் செய்வது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

டென்மார்க் நாட்டின் லெகோ நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் தாஜ்மஹாலின் மாதிரித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் 5922 துண்டுகள் இருந்தன. அதுவரை அந்நிறுவனம் வெளியிட்ட தொகுப்புகளுள் துண்டுகளின் எண்ணிக்கையில் அதுவே பெரியது. 2017-இல் அதே மாதிரி 5923 துண்டுகளுடன் மீண்டும் விற்பனைக்கு வந்தது. கட்டி முடித்தால் அது ஏறத்தாழ 43 செ.மீ. உயரமும் 51 செ.மீ. அகலமும் கொண்டதாக நிற்கும்.

5923 என்பது கணக்கில் சிறிய எண்ணே. ஆனால் நாளொன்றுக்கு 200 துண்டுகள் வீதம் பொருத்தினால் 30 நாள்கள் ஆகும். வீட்டுப்பாடம், தேர்வு, விருந்தினர் வருகை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பருவமே கழிந்துவிடும். இத்தகைய தொகுப்புகளின் விலையும் மிகுதி. எல்லா வீடுகளிலும் வாங்க இயலாது. எனினும் இங்கே சொல்லப்படும் முறை ஐந்நூறு துண்டுகள் கொண்ட சிறிய தொகுப்புக்கும், அண்டை வீட்டார் கொடுத்துச் சென்ற பழைய கட்டைகளுக்கும் பொருந்தும்.

கட்டையின் கதை

லெகோ என்னும் பெயர், டேனிய மொழியில் 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு சொற்களின் சுருக்கம். பில்லுண்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர் 1932-இல் தொடங்கிய தொழில் அது. முதலில் மரப்பொம்மைகளே செய்யப்பட்டன. நெகிழிக் கட்டைகள் பின்னர் வந்தன. தொடக்ககாலக் கட்டைகளின் உட்புறம் வெறுங்கூடாக இருந்தது. அடுக்கினால் அவை எளிதில் கழன்றன. 1958-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் ஓலேயின் மகன் கோட்ஃபிரெட் காப்புரிமை கோரி விண்ணப்பித்த கட்டையில், உட்புறம் குழல்கள் வைக்கப்பட்டன. கீழ்க்கட்டையின் குமிழ்கள் மேற்கட்டையின் சுவருக்கும் குழலுக்கும் இடையே இறுக அமர்ந்துகொண்டன. பசையோ ஆணியோ வேண்டியதில்லை. விரும்பும்போது பிரிக்கவும் முடியும். அவ்வாண்டில் செய்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும்.

இந்தப் பொருத்தத்தின் உயிர் அளவில் இருக்கிறது. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு 8 மி.மீ. தொலைவில் உள்ளது. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. 'தகடு' எனப்படும் மெல்லிய துண்டின் உயரம் 3.2 மி.மீ. ஆகவே மூன்று தகடுகளை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரம் வரும். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மி.மீ.; அது இரண்டு குமிழ்களின் அகலத்துக்குச் சமம். கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தும்போதும் இடைவெளியின்றி அமைவதற்கு இக்கணக்கே துணை.

51 செ.மீ. நீளத்தில் ஏறத்தாழ 64 குமிழ்கள் அடங்கும். ஒவ்வொரு குமிழின் இடைவெளியிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிழை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் மறுமுனைக்குச் செல்லும்போது பிழை 6.4 மி.மீ. ஆகிவிடும், சுவரின் கடைசிக் கட்டை எந்தக் குமிழிலும் அமராது. சிறு பிழை பெருகுவது எவ்வாறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

பிரித்து வைத்தல்

பெட்டியைத் திறந்தவுடன் எல்லாப் பைகளையும் கிழித்துக் குவித்துவிடத் தோன்றும். அவ்வாறு செய்யலாகாது. இக்காலத் தொகுப்புகளில் பைகளின்மீது எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண்ணுள்ள பைகளில் முதல் நிலைக்கு வேண்டிய துண்டுகள் மட்டும் உள்ளன. அந்நிலை முடியும்வரை இரண்டாம் எண்ணைத் தொடாதிருப்பதே முதல் விதி.

துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிப்பது பலருடைய வழக்கம். தாஜ்மஹாலுக்கு அது உதவாது; பெரும்பாலான துண்டுகள் வெள்ளையே. இங்கே வடிவம் பார்த்துப் பிரிக்க வேண்டும். கட்டைகள் ஒரு தட்டில், தகடுகள் ஒரு தட்டில், குமிழற்ற வழவழப்பான ஓடுகள் ஒரு தட்டில், வளைவுகள் ஒரு கிண்ணத்தில், மிகச் சிறியவை மூடியுள்ள ஒரு டப்பாவில் எனப் பிரித்துவைத்தால் தேடும் நேரம் பாதியாகக் குறையும். அடுக்களையில் பயன்படாத அஞ்சறைப் பெட்டி ஒன்று இருந்தால் அதைக் கேட்டுப் பெறுங்கள். இவ்வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்.

கட்டும் இடமும் முக்கியம். சாப்பாட்டு மேசையில் கட்டத் தொடங்கினால் இரவு உணவுக்கு முன் எழுப்ப வேண்டியிருக்கும். அகலமான ஒட்டுப்பலகையின்மீது கட்டினால், பலகையோடு தூக்கிக் கட்டிலின் கீழே வைத்துவிடலாம். தவழும் குழந்தை உள்ள வீடாயின் சிறு துண்டுகளைத் தரையில் விடவே கூடாது; குழந்தை அவற்றை விழுங்கிவிடும்.

சொல்லற்ற நூல்

தொகுப்போடு வரும் வழிகாட்டி நூல் வியப்பானது. அதன் கட்டுமானப் பக்கங்களில் சொற்களே இல்லை. படங்களும் எண்களும் மட்டுமே உள்ளன. மேல் மூலையில் இப்படிக்கு வேண்டிய துண்டுகளும் அவற்றின் எண்ணிக்கையும். கீழே அவை அமரவேண்டிய இடம். ஆகவே டென்மார்க்குச் சிறுவனும் ஜப்பானியச் சிறுமியும் ஒரே நூலைக் கொண்டு கட்டுகிறார்கள். தனியே கட்டுபவருக்குச் சொல் தேவையில்லை.

இருவர் சேர்ந்து கட்டும்போது நிலைமை மாறுகிறது. ஒருவர் நூலைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் துண்டை எடுத்துத் தரவேண்டும். அக்காவும் தம்பியும் அமர்ந்திருக்கிறார்கள் எனக் கொள்வோம்.

"தம்பி, அந்தச் சின்னதை எடு."

"எந்தச் சின்னது அக்கா?"

"அதுதான், அங்கே இருக்கிறதே!"

அங்கே இருப்பவை நூற்றுக்கணக்கான சின்னவை. தம்பி ஒன்றை எடுக்கிறான், அது இல்லை. மற்றொன்றை எடுக்கிறான், அதுவும் இல்லை. ஐந்து மணித்துளிகளில் சண்டை தொடங்கிவிடும். இப்போது அதே வேலையை வேறு சொற்களில் கேட்டுப் பாருங்கள்.

"இரண்டு குமிழ் அகலம், நான்கு குமிழ் நீளம் உள்ள வெள்ளைத் தகடு ஒன்று கொடு, தம்பி."

"இந்தாருங்கள் அக்கா. எங்கே வைக்க வேண்டும்?"

"இடப்பக்க ஓரத்திலிருந்து ஏழாம் குமிழில் தொடங்கி வை. நெடுக்காக வை, குறுக்காக அன்று."

வெளிமாநிலங்களில் வளரும் நம்மில் பலருக்கு வீட்டுத் தமிழ் ஒரு சில எல்லைகளுக்குள் நின்றுவிடுகிறது. உணவுக்கும் உறக்கத்துக்கும் உறவுக்கும் தமிழ்ச்சொல் தெரியும். ஒரு பொருளின் வடிவத்தையோ அது அமையும் திசையையோ சொல்லவேண்டி வந்தால் உடனே இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ தாவுகிறோம். அச்சொற்களை வீட்டில் கேட்கும் வாய்ப்பு நமக்கு வரவில்லை என்பதே காரணம். கட்டைகளின் முன் அமரும்போது அவ்வாய்ப்பு வந்துவிடுகிறது. கூம்பு, உருளை, அச்சு, விளிம்பு, சாய்வு என்னும் சொற்கள் கையில் உள்ள பொருளின் பெயர்களாகின்றன. கதவைத் திறந்து மூட உதவும் உறுப்புக்குக் 'கீல்' என்று பெயர். அதே வேலையைச் செய்யும் சிறு துண்டு கட்டைகளிலும் உண்டு. அதைக் கையில் எடுத்து மடக்கிப் பார்த்தவருக்கு அச்சொல் மறக்காது.

சில துண்டுகளுக்கு எந்த அகராதியிலும் பெயர் இருக்காது. அவற்றுக்கு வீடே பெயர் சூட்டவேண்டும். வட்டமான ஒற்றை ஓட்டைப் 'பொட்டு' என்றும், சிறிய அரைக்கோளத்தைப் 'பணியாரம்' என்றும், கம்பி போட்ட துண்டைக் 'கிராதி' என்றும் அழைக்கலாம். ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால் அவரிடம் கேளுங்கள். இன்னும் நல்ல பெயர்கள் கிடைக்கும். பெயர் ஒன்றாக இருந்தால் போதும். வீட்டிலுள்ள அனைவரும் அப்பெயரையே சொல்லவேண்டும். ஒருவர் 'ஓடு' என்பதை மற்றொருவர் 'தகடு' என்றால், குமிழ் இருக்கவேண்டிய இடம் வழவழப்பாகிவிடும். அடுத்த வரி அதன்மேல் அமராது.

அடித்தளம்

முதல் சில நாள்கள் சலிப்பூட்டும். தாஜ்மஹால் எங்கும் தெரியாது. தட்டையான மேடை மட்டுமே வளரும். பலர் விரைந்து கட்டிப் பிழை செய்வது இந்நிலையில்தான்.

உண்மையான தாஜ்மஹாலை எழுப்பியவர்களும் முதலில் கண்ணுக்குத் தெரியாத வேலையையே செய்தார்கள். மும்தாஜ் மஹால் 1631-இல் மறைந்தார். அடுத்த ஆண்டளவில் பணி தொடங்கியது. ஆற்றங்கரையின் நெகிழ்ந்த மண்ணில் கிணறுகள் தோண்டி, அவற்றைக் கல்லாலும் சாந்தாலும் நிரப்பி, அவற்றின்மேல் அடித்தளம் அமைத்தார்கள். பின்னர் மேடை எழுந்தது. அதன்மேல் கல்லறை மாளிகை எழுந்தது. மாளிகை 1648-இல் முடிந்தது. மசூதி, விருந்தினர் மாளிகை, நுழைவாயில் முதலியவற்றோடு முழு வளாகமும் நிறைவுற்ற ஆண்டு 1653.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கும். தாஜ்மஹால் முழுவதும் சலவைக்கல்லால் ஆனதன்று. அதன் சுவர்களின் உட்பகுதி செங்கல். இராசத்தானத்து மக்ரானாவிலிருந்து வந்த வெண்சலவைக்கல் வெளியே போர்த்தப்பட்டது. எனவே கட்டைகளால் தாஜ்மஹாலைக் கட்டுவது நாம் நினைப்பதைவிட உண்மைக்கு நெருக்கமான செயல்.

செங்கல் வைக்கும் கொத்தனாரைக் கவனித்திருக்கிறீர்களா? கீழ்வரியில் இரு கற்கள் சேரும் இடத்துக்கு நேர்மேலே, மேல்வரியிலும் இரு கற்கள் சேரும்படி அவர் வைப்பதில்லை. மூட்டுக்கு மேல் மூட்டு வந்தால் சுவர் அவ்விடத்தில் பிளக்கும். கட்டை மாதிரியிலும் இதே முறை பின்பற்றப்படுகிறது. வழிகாட்டி நூல் ஏன் இவ்விடத்தில் நீளக்கட்டையைக் கேட்கிறது என்று ஐயம் எழுந்தால், கீழ்வரியின் மூட்டைப் பாருங்கள். விடை அங்கே இருக்கும். கொத்தனார் ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். நாம் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். சரியாக அமராத கட்டை ஒரு பக்கம் மயிரிழை உயர்ந்து நிற்கும். விரலால் தடவினால் தெரியும்.

நிலையின் முடிவில் தட்டில் என்ன எஞ்சுகிறது என்று பார்ப்பது மற்றொரு சோதனை. மிகச் சிறிய துண்டுகள் ஒன்றிரண்டு எஞ்சலாம். தொலைந்தால் உதவட்டும் என்று நிறுவனமே கூடுதலாக வைப்பது வழக்கம். எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்று எஞ்சினால் அது கூடுதல் அன்று. அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று பொருள். அப்போது முதல் பக்கத்திலிருந்து தேடத் தொடங்காதீர்கள். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டி, அத்துண்டு கேட்கப்பட்ட படிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

பிழை இரண்டு வரிகளுக்குக் கீழே இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது? வெளியே தெரியாது, விட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்வார். பிரிக்கலாம் என்று மற்றவர் சொல்வார். பிரிப்பதே நல்லது. இன்று இருபது துண்டுகளைக் கழற்றினால் போதும். பத்து நாள் கழித்து மேற்சுவர் அமராதபோது அதே பிழைக்காக இருநூறு துண்டுகளைக் கழற்ற நேரும். கழற்றுவதற்குப் பல்லைப் பயன்படுத்தாதீர்கள். பெரிய தொகுப்புகளோடு வரும் நெம்பி அதற்கென்றே உள்ளது.

நான்கு மினார்கள்

மாளிகையைச் சுற்றி நான்கு மூலைகளிலும் நான்கு மினார்கள் உள்ளன. நான்கும் ஒன்றே போன்றவை. முதல் மினாரைக் கட்டுவது இன்பம். இரண்டாவதில் கை விரைகிறது. மூன்றாவதில் நூலைப் பாராமலே கட்டுகிறோம். நான்காவதில் பிழை வருகிறது! பழகிய கை தன்னை நம்பிவிடுவதுதான் காரணம். மினாரை மினாராகக் கட்டாமல், அடிப்பகுதிகள் நான்கையும் முதலில், நடுப்பகுதிகள் நான்கையும் அடுத்து என்று கட்டி, அருகருகே நிறுத்தி ஒப்பிட்டால் பிழை உடனே கண்ணில் படும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கொரு மினார் என்று பங்கிடுவதும் உண்டு. அப்பாவின் மினார்தான் கடைசியில் முடியும்.

ஆக்ராவிலுள்ள மினார்கள் நேராக நிற்பவை அல்ல. அவை வெளிப்புறம் சற்றே சாய்ந்துள்ளன. நிலநடுக்கத்தால் விழ நேர்ந்தாலும் மாளிகையின்மேல் விழாதிருக்கவே அவ்வாறு அமைத்தனர் என்பர்.

குவிமாடம்

கடைசி நிலையில் குவிமாடமும் அதன் உச்சிக் கலசமும் அமைகின்றன. ஆக்ராவில் கலசத்தின் நுனி ஏறத்தாழ 73 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் மாதிரி 43 செ.மீ. எனவே மாதிரி, உண்மையில் ஏறத்தாழ 170-இல் ஒரு பங்கு. இந்த அளவுக்குச் சுருக்கினால் வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரே ஒரு கட்டையின் உயரமே இருப்பார். மேடையின்மேல் ஒரு கட்டையை நிறுத்திவைத்துப் பாருங்கள். கட்டடத்தின் பெருமை அப்போது விளங்கும்.

வேறொருவர் வரைந்த படத்தைப் பார்த்துக் கட்டுவது படைப்பாகுமா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. தாஜ்மஹாலின் தலைமைக் கட்டடக் கலைஞராக உஸ்தாத் அகமது லாகோரி கருதப்படுகிறார். ஆயினும் வளாகத்தின் கற்களில் கல்தச்சர்கள் பொறித்த மீன், விண்மீன் போன்ற அடையாளக் குறிகள் காணப்படுகின்றன. வரைபடம் அவர்களுடையது அன்று, வேலை அவர்களுடையது. தம் கையால் செய்த கல்லில் அவர்கள் தம் குறியை இட்டார்கள். சொந்தமாக வடிவமைக்க விரும்புவோர் இதே கட்டைகளைப் பிரித்து வேறொன்றைக் கட்டலாம். எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு மட்டும் இருந்தால்கூட அவற்றை 91,51,03,765 வகையாக இணைக்க முடியும் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர்.

பிரித்தெடுத்தல்

மாதிரியைச் சாளரத்தருகே வைக்காதீர்கள். வெயில் தொடர்ந்து பட்டால் வெள்ளைக் கட்டைகள் மஞ்சள் நிறமாகும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டலாம்.

பெற்றோருக்கு இடமாற்ற ஆணை வரும் நாளும் வரும். அட்டைப்பெட்டிகள் கூடத்தில் அடுக்கப்படும்போது, கட்டிலுக்கு மேலே நிற்கும் தாஜ்மஹாலை என்ன செய்வது என்ற கேள்வி எழும். முழுதாக லாரியில் ஏற்றினால் அது அடுத்த ஊருக்குத் துண்டுகளாகத்தான் வந்துசேரும். கட்டிய முறையிலேயே பிரிக்க வேண்டும். இம்முறை நூலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கவேண்டும். முதலில் நான்கு புறமும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர்க் குவிமாடம், மினார்கள், மாளிகை, மேடை என்ற வரிசையில் கழற்றுங்கள். எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாக்கத் தேவையில்லை. கையளவுப் பகுதிகளாகப் பிரித்தால் போதும். ஒவ்வொரு பகுதியையும் ஒரு பையிலிட்டு, உள்ளே இருப்பது என்ன என்று தாளில் எழுதி ஒட்டுங்கள்: 'வடகிழக்கு மினார், நடுப்பகுதி', 'மேடை, தென்புற ஓரம்', 'பணியாரம் 12, பொட்டு 30'. புதிய ஊரில் பெட்டியைப் பிரிக்கும்போது, அம்மா அத்தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, தம்பி மேடையிலிருந்து தொடங்குவான்.

பயிற்சி

1. தாஜ்மஹால் மாதிரிக்கு நிறம் பார்த்துப் பிரிப்பது ஏன் உதவாது?

2. எட்டுக் குமிழ்க் கட்டை எஞ்சுவதும் மிகச் சிறிய துண்டு எஞ்சுவதும் ஒன்றல்ல. ஏன்?

3. நாள்தோறும் 150 துண்டுகள் பொருத்தினால் 5923 துண்டுகளைப் பொருத்த எத்தனை நாள்கள் ஆகும்?

4. நெடுக்கு, குறுக்கு, விளிம்பு, கூம்பு, கீல் ஆகிய சொற்களை உங்கள் வீட்டிலுள்ள பொருள்களைக் குறிக்கும்படி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.

5. பத்துக் கட்டைகளால் ஒரு சிறு வடிவம் செய்க. அதை உங்கள் தோழரிடம் காட்டாமல், தமிழில் மட்டும் சொல்லி அவரையும் அதே வடிவத்தைச் செய்யவைக்க. இரண்டையும் ஒப்பிட்டு, எச்சொல் தெளிவாக இல்லாததால் வேறுபாடு வந்தது என்று எழுதுக.

6. பெயரில்லாத ஐந்து துண்டுகளுக்கு வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பெயர் சூட்டுக. அவர்கள் அப்பெயரைச் சொன்ன காரணத்தையும் எழுதுக.